அரைப் பேர்

காசு கொடுத்துக் காற்று வாங்கியவன் என்று விஜிதரனுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பட்டம் விழுந்தது தைப்பொங்கலுக்கு முந்தின வாரம். பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவன் மடியில் சாம்பல் நிறச் சிலிண்டர் ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தான். பகல் சாப்பாட்டு நேரம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் அவரவர் இஸ்தோப்பில் நின்று பார்த்தார்கள். இஸ்தோப்பு என்பது காம்பரா என்கிற லயத்து அறைக்கு முன்னால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு இடம். விறகு அடுக்குவது, தலை வாருவது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான்.

பக்கத்துக் காம்பரா சோலைமலைதான் முதலில் வாயைத் திறந்தார். சமையல் காஸா, வெடிக்குமா என்று கேட்டார். வெடிக்காது, எரியவும் எரியாது என்றான் விஜிதரன்.

"எரியாத காஸ வச்சிக்கிட்டு என்னா மருமகனே செய்யிறது?"

"இது ஆகன் மாமா. காத்துல இருக்குறதுதான். ஒட்டு வைக்கிற எடத்த சுத்தி நின்னுக்கும். வெளிக் காத்த அண்ட விடாது."

"அப்ப காத்து படாம இருக்க காத்தா?"

"ஆமா மாமா."

சோலைமலை எதிர்மலையைப் பார்த்தார். மார்கழிக் காற்று சவுக்கு மரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கூரைத் தகரம் தடதடத்தது. "இந்த மலையில காத்துக்கா பஞ்சம்?" என்றார். "இம்புட்டும் சும்மா கெடக்கு. இவரு ஹட்டன் வரைக்கும் போயி காசு குடுத்து வாங்கியாந்துருக்காரு."

லயமே சிரித்தது. விஜிதரனும் சிரித்தான். அவன் மனைவி சுலக்ஷனா மட்டும் சிரிக்கவில்லை. தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கூட இறக்காமல் அவள் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலிண்டரை அவன் வலது கையால்தான் அணைத்திருந்தான். இடது கை அதன்மேல் சும்மா கிடந்தது, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கைபோல.

மிஷின் அதற்கு முன்பே வந்துவிட்டது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் யாரோ பாவித்துக் கழித்தது, ரேடியோப் பெட்டியளவுதான் இருக்கும். புதிதாக வாங்கினால் காலால் மிதித்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், காற்றைத் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் என்று அவன் அவளுக்கு விளக்கியிருந்தான். இதில் அதெல்லாம் கிடையாது. கைப்பிடியில் ஒரு திருகு உண்டு. காற்றைத் திறக்க ஒரு திருப்பு, மூட ஒரு திருப்பு. மேசைக்குப் பதிலாகப் பழைய கட்டில் சட்டம். பழகிப் பார்க்கத் துண்டுத் தகடுகள் பழைய இரும்புக் கடை நானாவிடம் நிறுவைக்கு எடுத்தவை. நெருப்பு எழும்புகிற ஊசியைத் தீட்டுவதற்கு ஒரு கிரைண்டர், கொழும்பில் அவன் போட்டுக்கொண்டிருந்த பழைய முகமூடி. அவ்வளவுதான் பட்டறை.

கொழும்பில் கட்டட வேலைகளில் பதினொரு வருடம் அவன் வெல்டிங் செய்தான். பொறி பறக்க, புகை கிளம்ப, இரும்பை இரும்போடு ஒட்டுகிற சாதாரண வெல்டிங். ஒரு நாள் புதிய கட்டடத்தின் மாடிப்படியில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எவர்சில்வர் கைப்பிடிக்கு ஒட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறான். டிக் வெல்டிங். அன்று இரவு தொலைபேசியில் அதைப் பற்றியே பேசினான். பொகையில்ல சுலா, பொறியில்ல, சத்தமில்ல, வெளக்குத் திரிய தூண்டுற மாதிரி செய்யிறாரு என்றான். அதுவரைக்கும் அவர்கள் தொலைபேசியில் பேசியதெல்லாம் சாப்பிட்டியா, புள்ள படிக்குதா, மழையா என்பதுதான். தன் புருஷனுக்கு ஒன்றின்மேல் இப்படி ஆசை வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஆசையில் தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு கணம் சின்னதாக வலித்ததும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் ஓர் இரும்புச் சட்டம் நழுவி அவன் இடது கையில் விழுந்தது. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் மடங்க மறுத்தன. கைக்குக் கிடைத்த நட்டஈட்டில்தான் இந்த மிஷின். கடைவீதியில் இரும்புக் கேட்டும் கிறிலும் ஒட்டுகிற கடைகள் மூன்று இருக்கின்றன. எவர்சில்வர் தேத்தண்ணிக் கேத்தலின் மூக்கு விட்டுப்போனாலும் கோவில் கைப்பிடிக் கம்பி ஆடினாலும் ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். நல்லதண்ணியில் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் ஓட்டைக் கேத்தலோடு அலைவார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது அவன் யோசனை.

வீட்டிலிருந்தே என்ற சொல்லை அவள் பல நாள் மலையில் நின்று தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பதினொரு வருடமாகத் தீபாவளிக்கு மூன்று நாள், பொங்கலுக்கு நான்கு நாள் என்று வந்துபோகிற ஆள் அவன். அவனுக்கென்று கிளிப்படம் போட்ட கோப்பை ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள், விருந்தாளிக்கு வைப்பதுபோல. அடிபட்ட கையோடு வந்து வீட்டில் தங்கிய முதல் மாதம் அவன் குசினிக்குள் நின்று உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பான். மகள் சர்மிளா ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு முன்னால் சடையை முன்னே போட்டுக்கொண்டு பரீட்சைக்கு நிற்பதுபோல நிற்பாள். எப்போது அவன் உப்பைக் கேட்பதை நிறுத்தினான் என்று சுலக்ஷனாவுக்குத் தெரியாது. நிறுத்திவிட்டான் என்று கண்டுபிடித்த அன்று காரணமில்லாமல் பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

*

நெருப்பு எழும்பும்போதெல்லாம் லயத்து விளக்குகள் மங்கின. "ஓ வூட்டுல சூரியன் உதிச்சா ஏ வூட்டுல டீவி அஸ்தமிக்குதே மருமகனே," என்று சோலைமலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். அதனால் ஆட்கள் மலைக்குப் போன பிறகுதான் அவன் மிஷினைப் போடுவான். இஸ்தோப்பில் காற்று வந்து ஆகனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒட்டு கருகிச் சீனிப்பாகுபோலப் பொங்கியது. சுலக்ஷனா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கை எடுத்துக் கொடுத்தாள். மழைக்கும் முள்ளுக்கும் கட்டுகிற தடித்த சீலை அது. அதைத் தள்ளித் தொங்கவிட்டுக் காற்றை மறித்தான்.

காற்று நின்றது. கை நிற்கவில்லை.

அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை ஊசியைப் பிடிக்கும். ஊசி முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அரிசி படுக்கிற இடைவெளிதான். அங்கே நெருப்பு நின்று தகட்டை ஒரு சொட்டு உருக்கும். இடது கை மெல்லிய கம்பியை விரல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி அந்தச் சொட்டில் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டு, நகர்ந்து, தொட்டு. அவன் வலது கை பூசகர் கற்பூரம் காட்டுவதுபோல நிதானமாகப் போகும். இடது கை வந்து இடிக்கும். கம்பி ஒட்டிக்கொள்ளும், அல்லது ஊசியைத் தொட்டு அதைக் கெடுக்கும். மறுபடி கிரைண்டரில் தீட்ட வேண்டும். கம்பியை விரலோடு துணி போட்டுக் கட்டிப் பார்த்தான். பழைய பேனாக் குழாயில் செருகிப் பார்த்தான்.

மெல்லிய தகட்டில் பழக வேண்டும் என்று அவன் சொன்னபோது கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆறையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேர் பெயரும் தேதியும் வெட்டிய டம்ளர்கள். ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்தது. அவள் அவற்றில் மண் போட்டுக் கொத்தமல்லி தூவி ஜன்னலில் வைத்தாள். "தண்ணி வடிய ஓட்டையும் போட்டே குடுத்துட்டீங்க, நல்லதாப் போச்சு," என்றாள். முதல் மூன்று டம்ளருக்கு அவன் சிரித்தான். நாலாவதுக்குச் சிரிக்கவில்லை.

இதற்கு நடுவே பிள்ளைக்காம்பரா மார்கிரட் அக்கா ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்க்கிற இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே பால் காய்ச்சுகிற பெரிய எவர்சில்வர் பானையின் ஒரு பக்கக் கைப்பிடி கழன்றுவிட்டது. பதினேழு பிள்ளைகள் காலடியில் ஓடுகிற இடத்தில் கொதிக்கிற பாலைத் துணியால் பிடித்துத் தூக்கவேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். விஜிதரன் ஒரு வாரத்தில் தருகிறேன் என்றான். பானை காம்பராவின் மூலையில் துணி மூடி உட்கார்ந்திருந்தது. அவன் அதன் பக்கம் போகாமல் சுற்றிப் போவதை சுலக்ஷனா கவனித்தாள்.

பொங்கல் முடிந்த புதன்கிழமை சாயங்காலம் அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி விறகைத் தள்ளியபடி, கொழும்பிலிருந்து பழைய வேலை இடத்து மேற்பார்வை மாத்தயா பேசினார் என்றான். சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. இந்தத் திங்கட்கிழமை வரச் சொல்கிறார்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணுஞ் சொல்லல. ஞாயித்துக்கெழம திரும்ப கோல் எடுக்குறேன்னாரு." நெருப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினான். "போறேன் சுலா. மிஷின வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துருவேன். மார்கிரட்டக்காகிட்ட பானைய ஹட்டனுக்குக் கொண்டுபோகச் சொல்லிரு. இங்கின ஒக்காந்து நான் என்னா செய்யிறது. நான் அரைப் பேரு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் பெயர். சொன்ன அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் முழுப் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். தைமாதப் பனியில் கொழுந்து கருகும் நாட்களில் விடியலிலிருந்து நின்ற காலிலேயே நின்றும் அரைப் பேர் விழுந்து, தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்திருக்கிறாள் அவள். அந்தச் சொல் எப்படி உள்ளே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மனுஷன் அதைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். பதினொரு வருடமாக அவள் வாய் பழகியதெல்லாம் பத்திரமா போயிட்டு வாங்க என்பதைத்தான். அந்தச் சொல் தானாக வந்துவிடுமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு மாவைப் பிசைந்தாள். மா தேவைக்கு மேல் பிசைந்து இறுகிப்போனது. அன்றைய ரொட்டியைக் கடிக்கச் சர்மிளா இரண்டு கையும் பாவித்தாள்.

*

வெள்ளிக்கிழமை விடிகாலையில் சுலக்ஷனாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைக்கு உள்ளே மணலைக் கொட்டியதுபோல இருந்தது. தண்ணீர் தானாக வழிந்தது. வெளியே காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்களின் காலடி கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விஜிதரன் எழுந்துபோய், இன்றைக்கு அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தான். விளக்கைப் போட்டு அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத நோயா அது? வெல்டிங் வேலை பார்த்த எல்லாருக்கும் வந்த நோய்.

அவன் எழுந்து குசினிப் பக்கம் போனான். இஸ்தோப்புக்கும் குசினிக்கும் நடுவே இருந்த பலகையில் மரக்கணு கழன்று விழுந்த ஒரு துவாரம். அதற்கு முன்னால் குந்துவதற்கு வசதியாக ஒரு கட்டை. அவன் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், சத்தமே இல்லை. பிறகு உருளைக்கிழங்கு துருவுகிற சத்தம் கேட்டது. ஈரத் துணியில் வைத்துக் கொண்டுவந்து அவள் கண்மேல் வைத்தான். குளிர்ச்சி கண்ணுக்குள் இறங்கி நெஞ்சுவரைக்கும் போனது.

"எத்தன நாளா பாக்குற?"

"அஞ்சாறு நாளா. பகல் சாப்பாட்டுக்கு வாறப்ப."

"வெறுங் கண்ணோடயா? அத பாக்கக் கூடாதுன்னு எத்தன தரம் சொன்னேன்."

"நெருப்ப பாக்கலங்க. ஒங்க இடது கையத்தான் பாத்தேன்."

 அவள் முகத்தின்மேல் துணி இருந்தது. அவன் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதற்கு மேல் பேசியிருக்க மாட்டாள்.

"அது வலது கையையே பாத்துக்கிட்டு நிக்கிது," என்றாள். "புதுசா மலைக்கு வாற புள்ளைங்க அப்பிடித்தான். ஒரு கை கிள்ளி முடிக்கிற வரைக்கும் மத்தக் கை காத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு கையும் அதது பாட்டுக்குப் போகணும். கண்ணு அடுத்த கொழுந்துல இருக்கணும்."

"ஏங் கைக்கு இனி அதெல்லாம் வராது சுலா. வெரல்ல கம்பி இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"ஒங்க கைக்கு வராது," என்றாள் அவள். விபத்து நடந்த நாளிலிருந்து டாக்டர் முதல் சோலைமலை வரைக்கும் எல்லாரும் சரியாகிவிடும் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். வராது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான். "ஏங் கைக்கு வரும்."

துருவல் சூடேறிவிட்டது. அவன் துணியை எடுத்து, புதிது வைத்து, ஓரங்களை அவள் காதுப்பக்கம் மெல்ல அழுத்தினான்.

"நீ ஒட்டப் போறியா?"

"இல்ல. என்னோட இடது கை மட்டும். வலது கை ஒங்களோடதுதான்."

"ஒரு ஒட்டுக்கு ரெண்டு ஆளா? எவனும் அப்பிடிச் செய்யிறதில்ல."

"எவனுக்கும் வேல செய்யிற எடத்துல பொண்டாட்டி பக்கத்துல இருந்திருக்க மாட்டா."

அவன் மூக்கால் மெல்லச் சிரிப்பது கேட்டது. சர்மிளா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்து, அம்மா கண்ணில் தேங்காய்ச் சம்பலா வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்ததை அவள் இருட்டுக்குள் படுத்துக்கொண்டு கேட்டாள்.

*

அன்று சாயங்காலம் அவன் பிஸ்கட் அட்டைப் பெட்டியை வெட்டி, கையில் மிச்சமிருந்த ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி அவளுக்கு முகமூடி செய்தான். தலையில் மாட்டக் கயிறு வேண்டியிருந்தது. கூடைக் கயிற்றையே அவிழ்த்துக் கட்டினான். இருபது வருடம் கூடை இழுத்த இடத்தில், நெற்றிக்கு மேல் அவளுக்கு ஒரு பள்ளம் உண்டு. கயிறு நேராக அதில் போய் உட்கார்ந்தது. அந்தப் பள்ளத்தை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். அது இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது என்று அவளுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை அவள் இரவல் கூடையோடு மலைக்குப் போய் அரை நாளோடு வந்துவிட்டாள். கண்ணில் சிவப்பு இறங்கியிருந்தது. கட்டில் சட்டத்துக்கு முன்னால் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள், அவன் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். அவன் கையுறையை அவளுக்குப் போட்டுவிட்டான். அவளுடைய வலது கைக்கு வேலையில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் சும்மா கிடந்த அவன் இடது கைமேல் வைத்தாள்.

திருகு திறந்தது. பால் பொங்குவதற்கு முன்னால் வருகிற மாதிரி ஒரு சீறல். பிறகு கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சையாக ஓர் ஒளி. அதன் நடுவில் நெல்லளவு குளம் ஒன்று உருண்டு மின்னியது. அவள் நினைத்ததைவிட அது சின்னது, அழகானது. மாடிப்படியில் அவன் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தாள்.

"இப்ப," என்றான்.

தொட்டாள். கம்பி ஒரு சொட்டு இறங்கியது. உடனே அவள் கை மேலே எழும்பித் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பி வந்தபோது கம்பி முனை கறுத்திருந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி கை தோளுக்குப் போனது. மூன்றாவது தடவை கம்பி முனை சடையில் பட்டு முடி கருகுகிற வாசனை எழுந்தது.

அவன் நெருப்பை அணைத்து முகமூடியைத் தூக்கினான். "என்னா செய்யிற?"

"தெரியலங்க. கை தானா போவுது."

"கம்பி முனை அந்தக் காத்துக்குள்ளயே இருக்கணும். தொட்டுட்டு அங்கனக்குள்ளயே நிக்கணும். நீ அத எங்க கொண்டுபோற?" கேட்டுக்கொண்டே அவள் தோளைப் பார்த்தவன் அப்படியே நிறுத்தினான். "கூடையில போடுற," என்றான்.

அவளுக்குப் புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் காய்ந்த கண்ணில் மறுபடி தண்ணீர் வந்தது.

"கூடைய எறக்கி வச்சிட்டு வந்து ஒக்காரு."

"நாந்தான் கூடையே மாட்டலியே."

"மாட்டியிருக்க சுலா. ஏங் கண்ணுக்குத் தெரியிது."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு மெல்ல அடங்கியது. பதினாறு வயதிலிருந்து இந்தக் கை கிள்ளியதையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கிள்ளியது எதையும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கிற இடத்திலும் அது இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொட்டி நிறுத்ததும் யாருடைய கொழுந்து எது என்று தெரியாமல் கலந்துவிடும். கொழுந்து மட்டுமா? சொல்ல நினைத்ததையும் அப்படித்தான் பின்னால் போட்டுக்கொண்டு வந்தாளோ என்று தோன்றியது.

எழுந்துபோய் மூலையில் கிடந்த வெறுங்கூடையை எடுத்தாள். கயிறு முகமூடியில் இருந்ததால் இரண்டு கையாலும் முதுகோடு பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு இஸ்தோப்பு வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள். அவன் கேலி செய்யவில்லை. காத்திருந்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை நின்றது. தொட்டாள், அங்கேயே நிறுத்தினாள், தொட்டாள். அவன் வலது கை அரிசியளவு நகர்ந்தது. அவள் இடது கை அதைப் பார்க்காமல் அதன் கூடவே போனது. யாரும் இப்ப என்று சொல்லவில்லை. தகட்டின் ஓரம் முடிந்தபோது அவன் ஊசியை விலக்கி நெருப்பை அணைத்தான். அணைத்த கையோடு அதே இடத்துக்குத் திரும்பவும் கொண்டுவந்து பிடித்தான். காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காத," என்றான். "நெருப்பு அணஞ்சிருச்சின்னு ஒடன எடுத்தா ஒட்டு கருத்துரும். சூடு எறங்குற வரைக்கும் அசையாம நிக்கணும். அஞ்சு எண்ணு."

தோளோடு தோள் ஒட்டியபடி இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மனதுக்குள் எண்ணினாள். ஐந்துக்கு அவசரமாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஒட்டு வைக்கோல் நிறத்தில் வரிவரியாக மின்னியது. ஓரத்தில் கொஞ்சம் புறாக் கழுத்து நீலம். நடுவில் இரண்டு இடத்தில் கோணல். விஜிதரன் அந்தக் கோணலை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான்.  துணியை எடுத்துவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பானையோடு போனது. முதலில் கைப்பிடியின் பழைய ஒட்டைத் தேய்த்து எடுத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குளம் கொதித்துத் துளை விழும் என்று அவன் சொன்னதால் அவள் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தாள். ஓர் இடத்தில் கம்பி ஒட்டிக்கொண்டது; ஊசியை மறுபடி தீட்டினான். இன்னோர் இடத்தில் தகடு மெலிந்து ஓட்டை விழப் பார்த்தது. அவன் "குடு, குடு" என்றான். அவள் மூன்று சொட்டு அடுத்தடுத்துக் கொடுத்தாள், பனி விட்ட பிறகு கொழுந்து நிறைந்த செடியில் கை ஓடுவதுபோல. ஓட்டை விழவில்லை. ஒவ்வொரு ஓரம் முடியும்போதும் ஐந்து எண்ணினார்கள்.

மார்கிரட் அக்கா மாதா கோவில் பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு வந்தாள். பானை செய்தாகவில்லை, ஹட்டனுக்குக் கொண்டுபோகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். கைப்பிடியைப் பார்த்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். நிரம்பத் தண்ணீர் பிடித்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு லயத்து வாசல் வழியாக நடந்தாள். இறக்கிவைத்து ஆட்டினாள். ஒட்டு வைத்த பக்கத்தை மட்டும் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தாள். வெள்ளைச் சேலை நனைந்து காலில் ஒட்டியது. சோலைமலை இஸ்தோப்பிலிருந்து, "பானை நிக்கும் மார்கிரட்டு, நீ விழுந்தா ஒட்டுறதுக்குத்தான் ஆளில்ல," என்றார்.

"நீ சும்மா இரு சோலைமலண்ணே. பதினேழு புள்ளைங்க." குனிந்து ஒட்டைப் பார்த்தாள். "மாதாவே, மீன் செதிலு மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு தம்பி. நீயா செஞ்ச?"

விஜிதரன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் அரைப் பேருதாங்க்கா," என்றான்.

அன்றைக்கு அடுப்பு முன்னால் சொன்ன அதே சொல். ஆனால் அவன் சொல்லிவிட்டு சுலக்ஷனாவைப் பார்த்தான். மார்கிரட் அக்கா அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அவள் சடையில் கருகிச் சுருண்டிருந்த முடியைப் பார்த்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பத்தடி போய்த் திரும்பி, பிள்ளைக்காம்பராவில் ஓட்டைக் கேத்தல் இரண்டும் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். தண்ணீர் கொதிக்கட்டும், சொல்லலாம். சாயம் இறங்கட்டும், சொல்லலாம். பிறகு கோப்பையைக் கையில் எடுத்தாள். கிளிப்படம் போட்ட கோப்பை இல்லை; அவளும் சர்மிளாவும் குடிக்கிற சாதாரணக் கோப்பைதான். அதை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள்.

"போகாதீங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. அவன் கோப்பையை வாங்கிக்கொண்டே தொலைபேசியைக் காதில் வைத்தான். மேற்பார்வை மாத்தயாதான். அவன் சிங்களத்தில் பேசினான். அவளுக்குச் சிங்களம் கடைவீதியில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். வர முடியாது என்று சொல்வது புரிந்தது. இங்கே வேலை இருக்கிறது என்பதும் புரிந்தது. அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு தனியாக என்ன வேலை செய்வாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"தனியம நெவெய் மாத்தயா," என்றான் அவன். "அப்பி தென்னா."

தனியாக இல்லை. நாங்கள் இரண்டு பேர்.

அவன் அதை அவளிடம் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் குசினிக்குத் திரும்பப் போனவள் நடைவாசலிலேயே நின்றாள். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்றுதான் காலையிலிருந்து அவள் கணக்காக இருந்தது. அவன் இரண்டு என்கிறான். வெளியே காற்று வந்து படங்கைத் தூக்கி விட்டுப் போனது. வாசலுக்கு வெளியே கூடை கவிழ்ந்தபடி கிடந்தது. நாளைக்குப் பெரட்டுக்கு அதைத்தான் தூக்க வேண்டும், கயிறு வேறு கட்ட வேண்டும் என்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் அவள் அசையவில்லை.

"சுலா," அவன் தொலைபேசியை வைத்துவிட்டுக் கூப்பிட்டான். "என்னா அங்கனயே நின்னுட்ட?"

"இருங்க," என்றாள் அவள். "அஞ்சு எண்ணிக்கிட்டு இருக்கேன்."